வெள்ளிக்கிழமை என்ன சுண்டல்?

எங்கள் கம்பெனியில் முதலாளி பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்த முதல் ஆள் சுஃபியா அக்கா. இரண்டாவது ஆள் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

என் பெயர் ஜெயபாண்டி. பிறந்தது எழுமலை, குடியிருப்பது திருமங்கலம், பிழைப்பு கப்பலூர் தொழிற்பேட்டையில். 'மீனலோசனி ரப்பர் ஒர்க்ஸ்' என்று பச்சைப் பலகை மாட்டிய கம்பெனியில் பத்தொன்பது வருடமாக எலக்ட்ரீஷியன். தண்ணீர் மோட்டாரைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் இருக்குமே, கசிவு வராமல் பிடித்துக்கொள்வதற்கு, அதைத்தான் நாங்கள் செய்கிறோம். எந்த வளையத்துக்கு எந்த ரப்பர், எவ்வளவு கந்தகம், எவ்வளவு கரித்தூள் என்கிற கலவைக் குறிப்புதான் எங்கள் தொழிலின் உயிர். அது ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒவ்வொரு கலவைக்கும் அதை அச்செடுத்துக் கொடுத்தால்தான் கலக்கிற மிஷினே ஓடும், கலக்கி முடித்ததும் தாளைக் கிழித்துவிடுவோம்.

சுஃபியா அக்காவுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. காஜிமார் தெருப் பக்கம் பிறந்தவர். அவருடைய அத்தா டவுன்ஹால் ரோட்டில் கைக்கடிகாரம் பழுதுபார்த்தவர். கல்லூரியில் இரண்டாம் வருடத்தோடு நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை முகமது யாசீன், முனிச்சாலையில் கார் சீட்டுக்கு உறை தைப்பவர். பேச்சு குறைந்த மனிதர். "அவுக பேச வேண்டியதையும் சேத்து நானே பேசிர்றேன்" என்பார் அக்கா. அது பொய்யில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றை இன்றைக்கும் பஸ்ஸில் சொல்லிச் சிரிப்பார்கள். திருமங்கலம் போகிற பஸ்ஸில் கப்பலூருக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு, அங்கே நிற்காது என்றாராம் கண்டக்டர். அக்கா சத்தம் போடவில்லை. "டிக்கெட்ல கப்பலூர்னுதான போட்டுருக்கு? நிக்கலைன்னா நிக்க வேணாம். நான் டெப்போ வரைக்கும் வாரேன். அங்க மேனேஜர்கிட்ட இந்த டிக்கெட்டக் காட்டி, இது எந்த ஊருன்னு ரெண்டு பேருமாக் கேப்போம்" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பஸ் கப்பலூரில் நின்றது. அதன் பிறகு அந்தக் கண்டக்டர் இருந்த வரைக்கும் தினமும் நின்றது.

அவரை டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்கு எடுத்தது பெரியவர் வெங்கடசுப்பிரமணியன். இருபத்துநாலு வருடத்துக்கு முந்தைய கதை. ஒரு 'ஹலோ' போதும், அக்கா ஆளைச் சொல்லிவிடுவார். தும்மினால் ஊரையும் சொல்லிவிடுவார் என்று நாங்கள் கேலி செய்வோம். பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது. அக்காவுக்கு வருகைப் பதிவு, கேட் பாஸ் என்று வேலைகள் மாறின. மேசையில் ஒரு லேண்ட்லைன் மட்டும் மிச்சம் இருந்தது.

பெரியவருக்குப் பிறகு, எட்டு வருடமாக மகன் சாய்பிரசாத்தான் முதலாளி. சௌராஷ்டிரக் குடும்பம். அம்மாவிடம் போனில் அவர்கள் பாஷையில் பேசும்போது கேட்டால், இந்த மனிதருக்கு இத்தனை மெதுவாகப் பேச வருமா என்று இருக்கும். எங்களிடம் தமிழ்தான், அதில் பாதி திட்டு. கெட்டவர் இல்லை. என் மகள் காய்ச்சலில் நினைவு தப்பியபோது தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர். ஆனால் வாய் இருக்கிறதே, அதற்குத் தாழ்ப்பாளே கிடையாது.

அவருக்கு இரண்டு வழக்கங்கள். ஒன்று, எதையும் எழுத மாட்டார், எல்லாம் வாட்ஸாப்பில் குரல்பதிவுதான். ஒரு நாளைக்கு அறுபதுக்குக் குறையாது. அதுவும் நூற்று நாற்பது பேர் இருக்கிற கம்பெனி குரூப்பில். வேலையை விட்டு நின்று மூன்று வருடமான டிரைவரும் அதில் இருந்தார், எதிர்த்த டீக்கடைக்காரரும் இருந்தார். இரண்டாவது வழக்கம், அவர் சொன்னதை யாராவது திரும்பக் கூப்பிட்டு, "சார், இதுதானே சொன்னீங்க?" என்று கேட்டால் போச்சு. "ஒருதடவ சொன்னா ஏறாதா மண்டையில?" என்று ஆரம்பித்தால் நமக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது. எட்டு வருடத்தில் நாங்கள் படித்த பாடம் ஒன்றுதான். அந்தக் குரல் வந்தால் செய், கேட்காதே.

சுஃபியா அக்கா மட்டும் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. ஒருநாள் லேண்ட்லைனில் முதலாளி எகிறிக்கொண்டிருந்தபோது, "சத்தத்தக் கொறைச்சுட்டுக் கூப்பிடுங்க சார். நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து மணி அடித்தது. மனிதர் தன்மையாகப் பேசினார்.

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அப்போது கலவைக் குறிப்பு பார்த்துக்கொண்டிருந்தது முத்துமீனா. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், இருபத்துமூன்று வயது, வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் அவள்தான். அவளை நம்பித்தான் தங்கச்சி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

காலை பதினொன்றே காலுக்கு முத்துமீனாவின் போனுக்குப் புது நம்பரிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. முதலாளி குரல். "ஏம்மா முத்துமீனா, என் போன் விழுந்து ஒடஞ்சிருச்சு, இது என் மச்சான் நம்பரு. கோயம்புத்தூர் பார்ட்டியோட ஃபைல் ஒண்ணு அனுப்பிருக்கேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தெற. ஏதாச்சும் பெர்மிஷன் கேக்கும், குடு." முதலாளி அன்றைக்கு உண்மையிலேயே கோயம்புத்தூரில்தான் இருந்தார், போகிறதை முந்தின நாளே குரூப்பில் சொல்லியிருந்தார். இருந்தாலும் அவளுக்கு லேசாக ஒரு சந்தேகம். 'சார், நீங்கதானா?' என்று எழுதிக் கேட்டாள்.

உடனே பதில் வந்தது. "ஒருதடவ சொன்னா ஏறாதா மண்டையில? பார்ட்டி எதிர்ல உக்காந்திருக்கான். என் மானத்த வாங்காம அஞ்சு நிமிசத்துல முடி."

திட்டு வந்ததும் சந்தேகம் போய்விட்டது. இப்படி ஒரு திட்டை வேறு யார் திட்டுவார்கள்? ஃபைலைத் திறந்தாள்.

இருபது நிமிடத்தில் ஆபீஸிலிருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களும் பூட்டிக்கொண்டன. திரையில் சிவப்பு எழுத்தில் பணம் கேட்டு மிரட்டல். கலவைக் குறிப்பு எதுவும் திறக்கவில்லை. கலக்கிற மிஷின் நின்றது, அதனால் வளையத்தை அச்சில் அழுத்தி எடுக்கிற பிரஸ் நின்றது, அறுபது பேர் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தோம். ஆறு நாள் உட்கார்ந்தோம். யாரோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு கப்பலூரில் ஒரு கம்பெனியை மூச்சடைக்க வைத்துவிட்டான்.

முதலாளி அன்று சாயங்காலமே வந்துவிட்டார். அவருடைய போன் உடையவே இல்லை, சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்க நானும் கூடப் போனேன். அங்கே இருந்த பெண் அதிகாரி பொறுமையாக விளக்கினார். "அரை நிமிசப் பேச்சு கெடைச்சாப் போதும் சார். ஏஐகிட்டக் குடுத்தா உங்க குரல்லயே எதை வேணும்னாலும் பேச வச்சிரும். நீங்க எப்படிக் கோவப்படுவீங்கங்கிறது வரைக்கும் படிச்சுக்கும்." அரை நிமிடமா? எங்கள் ஆள் எட்டு வருடமாக வாரி இறைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் பேச்சு கிளம்பிவிட்டது. முத்துமீனாவை அனுப்பப் போகிறார்களாம். மரத்தடியில் எல்லாரும் அவளைத்தான் திட்டினோம். நானும் திட்டினேன். கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா இந்தப் பெண் என்று கேட்டேன். அதை மறைத்து எழுதினால் எனக்கே கூச்சமாக இருக்கும்.

அன்று காலை சுஃபியா அக்கா என்னைத் தேடி மின்பெட்டி அறைக்கு வந்தார். முத்துமீனாவின் போன் அவர் கையில் இருந்தது.

"தம்பி, இத நாலு தடவ கேட்டுட்டேன். எனக்குத் தெரியல."

"என்னக்கா தெரியல?"

"இது அவரு இல்லன்னு எனக்குத் தெரியல." அக்காவின் கண் கலங்கியிருந்தது. "இருபத்துநாலு வருசமா காது, காதுன்னு பெரும பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். ஹலோல ஆளச் சொல்லிருவேன்னு. யா அல்லா, எனக்கே இது அவரு குரலாத்தான் கேக்குது. அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?"

 பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா" என்றார். பின்னாலேயே போனேன்.

முதலாளி அறையில் முத்துமீனா ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. முதலாளி மேசையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "கொஞ்சமாச்சும் அறிவிருந்தா என் குரலா இல்லையான்னு தெரிஞ்சிருக்கணும்ல? எட்டு மாசமா தெனம் கேக்குற குரலுதான?"

"சார், ஒரு நிமிசம்" என்று உள்ளே போனார் அக்கா. மேசைமேல் இரண்டு போன்களை வைத்தார். ஒன்று அவருடையது, ஒன்று முத்துமீனாவுடையது. "இதுல ஒண்ணு நீங்க போன மாசம் குரூப்ல போட்டது. இன்னொண்ணு அந்தக் களவாணிப்பய அனுப்புனது. ரெண்டுலயும் திட்டுற எடத்த மட்டும் போடுறேன். எது நீங்கன்னு சொல்லுங்க."

முதல் போன், "ஒருதடவ சொன்னா ஏறாதா மண்டையில?" என்றது. இரண்டாவது போனும் அதையே சொன்னது. முதலாளி நெற்றியைச் சுருக்கினார். "இன்னொருதடவ போடுங்க" என்றார். அக்கா போட்டார்.

"ரெண்டாவது நான்" என்றார் முதலாளி.

"ரெண்டாவது களவாணி" என்றார் அக்கா.

முதலாளி இரண்டு போன்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்கே உங்களத் தெரியல சார். எனக்கும் தெரியல. நம்ம ரெண்டு பேரையும் விட்டுப்புட்டு அவள மட்டும் அனுப்புனா அது என்ன நாயம்? அனுப்புறதா இருந்தா எனக்கும் சேத்து எழுதுங்க. இப்பவே போறேன்."

"அக்கா, நீங்க ஏன்..." என்று முதலாளி ஆரம்பித்தார்.

"இருங்க சார், முடிச்சிர்றேன். உங்க குரலத் திருடுனது எவனோ. ஆனா அவ கேட்டா சார், 'நீங்கதானா'ன்னு கேட்டா. இந்தக் கம்பெனியில அம்புட்டுப் பேருல அவ ஒருத்திதான் கேட்டா. கேட்டா திட்டு விழும்னு எங்களுக்குப் பழக்கி வச்சது நீங்க. அந்தப் பழக்கத்த அவன் படிச்சுக்கிட்டான். பூட்ட ஒடைக்கல சார் அவன். நாம பயந்துபோயி நாமளே கதவத் தெறந்து விட்டுருக்கோம்."

யாசீன் பாய்க்கு அப்போது முதுகுத்தண்டில் வலி, மூன்று மாதமாகத் தையல் மிஷினில் உட்காரவில்லை. வீடு ஓடியது அக்காவின் வேலையில்தான். அது எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். தெரிந்தும் அந்த மனுஷி அப்படி நிமிர்ந்து நின்றார். நான் கதவோரம் நின்றேன். மரத்தடியில் பேசியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலாளி இரண்டு போன்களையும் அக்கா பக்கம் நகர்த்தி வைத்தார். "சரி, என்ன செய்யணும்ங்கிறீங்க?" என்றார் கடைசியில்.

அக்கா ஒரு முழுத்தாள் வாங்கி அங்கேயே எழுதினார். கம்ப்யூட்டர், ஃபைல், பாஸ்வேர்டு சம்பந்தமாக எந்தக் குரல் எந்த நம்பரில் வந்தாலும் உடனே செய்யக் கூடாது. வைத்துவிட்டு, ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து, நோட்டில் எழுதியிருக்கிற நம்பருக்கு நாமே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அப்படிக் கூப்பிட்டுக் கேட்கிற ஆளை யாரும் திட்டக் கூடாது. திட்டுகிற போனுக்கு வேலை நடக்காது. முதலாளியும் இதற்குள் அடக்கம்.

"திட்டக் கூடாதுன்னெல்லாம் எழுதணுமாக்கா?" என்றார் முதலாளி.

"அதுதான் சார் மொதல்ல எழுதணும்."

கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை நான்தான் லேண்ட்லைனுக்கு மேலே சுவரில் ஆணியடித்து மாட்டினேன். முத்துமீனா தன் நாற்காலிக்குத் திரும்பினாள். ஆறாம் நாள் மதுரையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர்கள் பழைய நகல் ஒன்றிலிருந்து கலவைக் குறிப்பை மீட்டுக் கொடுத்தார்கள். கடைசி இரண்டு மாதம் போனது போனதுதான். மிரட்டியவனுக்கு நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. நிஜமாகவே போன் உடைந்து வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் என்ன செய்வது? ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. தங்கள் பாஷையில் ஒரு சொல் சொல்கிறேன், எவனுக்கும் தெரியாது என்றார்.

"அப்ப உங்க வீட்டாளுக மட்டும்தான் கம்பெனியக் காவல் காக்கணும்" என்றார் அக்கா. "எங்களுக்கு வாயில வர்ற சொல்லா இருக்கணும் சார். அதே நேரத்துல போன்ல இருக்கக் கூடாது, தாள்ல இருக்கக் கூடாது, வாரா வாரம் மாறவும் செய்யணும்." சற்று யோசித்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை என்ன சுண்டல்?"

எங்கள் கம்பெனியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கலக்கிற மிஷினுக்குப் பூஜை போடுவோம். கேன்டீன் விருமாண்டி சுண்டல் செய்வார். என்ன சுண்டல் என்பது அவர் மனம் போலத்தான், முதல்நாள் கேட்டாலும் சொல்ல மாட்டார். சுஃபியா அக்காவுக்கும் மற்ற முஸ்லிம் ஆட்கள் நாலு பேருக்கும் படைப்பதற்கு முன்பே ஒரு டப்பாவில் பங்கு எடுத்து வைத்துவிடுவார். அது பெரியவர் காலத்து ஏற்பாடு. ஆக, அந்த வாரச் சுண்டல் சாமிக்குத் தெரிவதற்கு முன்பே அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று கிண்டல் செய்வோம்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏக்கா, ஊரு உலகத்துல அவனவன் பாஸ்வேர்டுக்கு எட்டு எழுத்து, பத்து எழுத்துன்னு போடுறான். நாம சுண்டலா?"

"எட்டு எழுத்த நீ ஞாபகம் வச்சுக்கிருவியா?"

"மாட்டேன்."

"போன வெள்ளிக்கிழமை என்ன தின்ன?"

"தட்டப்பயறு. உப்பு கம்மி."

"அம்புட்டுதான் தம்பி."

அதிலிருந்து பூஜை நேரத்தில் எல்லார் போனும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடக்கும். சுண்டலைப் படம் எடுத்துப் போடக் கூடாது, போனில் பேசக் கூடாது. கேள்விக்கு ஒரே ஒரு வாய்ப்பு. தப்பாகச் சொன்னால் போனை வைத்துவிட வேண்டும்.

புரட்டாசியில் ஒருநாள் ஸ்டோர் பார்க்கிற சின்னக்கருப்பனுக்கு வீடியோ கால் வந்தது. முதலாளியின் முகமே திரையில் தெரிந்தது, குரலும் அதே. போனுக்கு ஒரு எண் வந்திருக்கும், அதைச் சொல் என்றதாம். சின்னக்கருப்பன் சுண்டலைக் கேட்டார். அந்த முகம் விழித்தது. பிறகு, "என்னயவே கேள்வி கேக்குறியா?" என்று எகிறியது. சின்னக்கருப்பன் வைத்துவிட்டுத் திரும்பினால், நிஜ முதலாளி பத்தடி தள்ளி ரப்பர் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அன்று முழுவதும் கம்பெனியில் சிரிப்புதான். முதலாளியும் சிரித்தார்.

அது கள்ளனை விரட்டிய கதை. இனிமேல்தான் நிஜமான சோதனை.

தை மாதம், ஒரு புதன்கிழமை. சோழவந்தானில் உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு முதலாளி போயிருந்தார். யாசீன் பாயின் முதுகுக்கு ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று சுஃபியா அக்கா லீவு. ஆபீஸில் முத்துமீனா தனியாக இருந்தாள். நான் அங்கே டியூப்லைட் மாற்ற ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். மணி இரண்டரை. லேண்ட்லைன் அடித்தது.

"முத்துமீனா, நான்தாம்மா. என் போன் வாய்க்கால்ல விழுந்திருச்சு. இது என் மச்சான் போன்." போனில் வருவது எனக்கு ஏணியில் கேட்டது. அந்த மனிதர் பேசினால் தெருவுக்கே கேட்கும். "கோயம்புத்தூர் பார்ட்டி மெயில் வேல செய்யலையாம். வேற மெயில் சொல்றேன், எழுதிக்க. அந்தப் பெரிய வளையத்தோட டிராயிங்கும் கலவைக் குறிப்பும் நாலு மணிக்குள்ள அங்க இருக்கணும்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆடி மாதம் கேட்ட அதே வார்த்தைகள். அதே மச்சான், அதே கோயம்புத்தூர். "வச்சுட்டுக் கூப்பிடுறேன் சார்" என்று வைத்தாள். நோட்டைப் பார்த்து முதலாளி நம்பருக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வைத்த கையோடு மறுபடி மணி அடித்தது.

"என்னம்மா செய்ற?"

"சார், போன வெள்ளிக்கிழமை என்ன சுண்டல்?"

 போன வெள்ளிக்கிழமை முதலாளி சென்னையில் இருந்தார். அவர் பூஜைக்கு வருவதே மாதத்தில் ஒருமுறைதான்.

"நான் அன்னைக்கு ஊருல இல்லம்மா, உனக்குத் தெரியாதா?"

"ஒரு வாய்ப்புதான் சார்."

"கொண்டக்கடல!"

சரியான பதில் மொச்சை. முத்துமீனா ஏணியை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அது முதலாளிதான், எனக்கு நன்றாகத் தெரிகிறது, அனுப்பிவிடம்மா என்று. நன்றாகத் தெரிகிறது என்று நினைத்தேனே, அதே நினைப்புத்தானே ஆடி மாதம் எங்களைக் கவிழ்த்தது? வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது அந்தக் குரல் வெடித்தது. "ஒருதடவ சொன்னா ஏறாதா மண்டையில? பார்ட்டி கைவிட்டுப் போயிட்டான்னா நீயா பதில் சொல்லுவ?"

முத்துமீனா சுவரிலிருந்த தாளை ஒருமுறை பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நீங்க சாரா இருந்தா இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுருக்கீங்க சார். திட்டுற போனுக்கு இங்க வேல நடக்காது" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அவள்தான் அந்த இரண்டாவது ஆள்.

இன்னும் மூன்று முறை மணி அடித்தது. எடுத்து எடுத்து வைத்தாள். நாலாவது முறை அடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. "அண்ணே, நெசமாவே சாரா இருந்தா எனக்கு வேல போயிரும்ல? தங்கச்சிக்கு இன்னும் ஒரு வருசம் இருக்குண்ணே" என்றாள். சுஃபியா அக்காவுக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நடந்ததை முழுக்கக் கேட்டார்.

"மொச்சைய எங்கயாச்சும் உளறிட்டாளா?"

"இல்லக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று சிரித்தார் பாருங்கள், எனக்கே தெம்பு வந்தது. "அப்புறம் என்ன? முதலாளியா இருந்தா காரெடுத்துக்கிட்டு நேர்ல வருவாரு. வேற எவனாச்சும்னா வரமாட்டான். அவளச் சாப்பிடச் சொல்லு."

"நீங்க வாறீங்களாக்கா? அவரு வந்து கத்துனா..."

"நான் எதுக்கு? போன வச்சவ அவ. அவளே பேசிக்கிருவா."

மூன்றே முக்காலுக்குக் கார் வந்தது. முதலாளி முழங்கால் வரை நனைந்த பேண்ட்டோடு, யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு இறங்கினார். அந்த நடையைப் பார்த்ததும் பிரஸ் ஓட்டுகிறவர்கள்கூட வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் ஏணியிலிருந்து இறங்கி முத்துமீனாவின் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஆடி மாதம் மரத்தடியில் பேசியதற்குப் பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளை அனுப்பினால் எனக்கும் சேர்த்து எழுதுங்கள் என்று சொல்லிவிடுவது என முடிவு செய்திருந்தேன்.

முத்துமீனா எழுந்து நின்றாள். தலையைக் குனியவில்லை. முதலாளி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். அப்போது அவர் பார்வை சுவரில் மாட்டியிருந்த தாளுக்குப் போனது. தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

சட்டைப் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையின் கிழிந்த துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் ஒரு மெயில் முகவரி எழுதியிருந்தது. "இப்ப அனுப்பலாமா?" என்று கேட்டார். தன்மையாகத்தான் கேட்டார்.

"அனுப்புறேன் சார். நேர்ல வந்துட்டீங்கள்ல" என்று உட்கார்ந்தாள். நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பி முடித்தாள். நடுவில் கோயம்புத்தூர் பார்ட்டியின் பழைய நம்பருக்கு லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டு, இது அவர்களுடைய மெயில்தானா என்று கேட்கவும் செய்தாள். முதலாளி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாசலில் நின்றவர்களை, "என்னய்யா வேடிக்க, போங்க" என்றார். சத்தம் இல்லாமல் சொன்னதால் யாரும் நகரவில்லை. ஈரமான பேண்ட்டைப் பிழிந்துவிட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, என்ன சுண்டல்தான் அது?"

"சொல்லக் கூடாது சார்" என்றாள் முத்துமீனா. "வெள்ளிக்கிழமை வாங்க."

அந்த வெள்ளிக்கிழமை பூஜைக்கு முன்னால் வாசல் கூடையில் முதலில் விழுந்தது அவருடைய புதுப் போன்தான்.